65 அங்குல டிவி வாங்கியாயிற்று, அம்மாவுக்கு வசனம்தான் கேட்கவில்லை

#1 மாடித்தளம் (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு முந்தின வாரம் 65 அங்குலத்தில் ஒரு 4கே டிவி வாங்கினோம். கடையிலிருந்தே ஆள் வந்து சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். படம் அபாரம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில்கூடக் கதாநாயகியின் நெற்றியில் விழும் சுருட்டை முடியை எண்ணிவிடலாம்.

அம்மாவுக்கு வயது 71. டிவி வந்த நாளிலிருந்து அவர் திரையைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். ஒவ்வொரு வசனம் முடிந்ததும், "என்ன சொன்னான்?" நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் ஓடிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசை வந்து மண்டையில் அடிக்கிறது. குறைத்தால் எல்லோரும் ரகசியம் பேசுகிறார்கள். பின்பக்கம் வயிறு துருத்திக்கொண்டிருந்த எங்கள் பழைய 21 அங்குலப் பெட்டியில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை.

பொறுக்க முடியாமல் சப்வூஃபரோடு (அடித்தொனிக்கான தனி ஸ்பீக்கர் பெட்டி) ஒரு சவுண்ட்பாரும் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) வாங்கினேன். இப்போது குண்டு வெடித்தால் சோபா அதிர்கிறது. வசனம் மட்டும் முன்போலவே கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மைத்துனர் சிரிக்கிறார்: "டிவி பார்ப்பதற்கு. கேட்பதற்குத்தான் ரேடியோ இருக்கிறதே."

கூடம் 12 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி. டைல்ஸ் தரை. சோபா டிவியிலிருந்து 10 அடி தள்ளி இருக்கிறது. கையில் இன்னும் 25,000 ரூபாய் மிச்சம். இதையும் ஒலிக்கே செலவழிக்கலாமா, அல்லது இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

#2 படப்பிரியன் (சென்னை)

நான் உங்கள் மைத்துனர் கட்சி. மனிதன் கண்ணால்தான் படம் பார்க்கிறான். ஒலிக்காகப் பணத்தைக் கொட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், ஒரு கம்பிக்குப் பதினைந்தாயிரம் கொடுத்துவிட்டு, "கேளுங்கள், வித்தியாசம் தெரிகிறதா?" என்று வருகிறவர்களையெல்லாம் உட்கார வைத்துச் சித்திரவதை செய்வார்கள். அம்மாவுக்குத் திரையின் அடியில் எழுத்து ஓடவிடுங்கள். 25,000 ரூபாயை வங்கியில் போடுங்கள். வேலை முடிந்தது.

#3 பழைய ரேடியோ (மதுரை)

கம்பிக்குப் பதினைந்தாயிரம் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்பதில் படப்பிரியனுக்கு என் ஓட்டு உண்டு. மற்றதில் இல்லை.

எழுத்து ஓடவிட்டால் கண் திரையின் அடியிலேயே குடியிருக்கும். நடிகர் புருவத்தை உயர்த்தியதையும், பின்னால் கதவோரம் ஒருத்தி நின்றதையும் யார் பார்ப்பது? லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய திரையில் அடி இரண்டு வரியை மட்டும் படிப்பதற்கு நாளிதழே போதுமே. காது செய்ய வேண்டிய வேலையைக் கண்ணிடம் கொடுத்தால், கண் தன் வேலையை விட்டுவிடுகிறது. ஒலி சரியில்லாத வீட்டில் படமும் சரியில்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு முழுப் படத்தின் ஒலியை மட்டும் சுருக்கிப் போடுவார்கள். தெருவே திண்ணையில் உட்கார்ந்து கேட்கும். யாரும் "படம் எங்கே?" என்று கேட்டதில்லை. கல்யாண வீட்டில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி வசன இசைத்தட்டைச் சுழலவிட்டால், தியேட்டர் பக்கமே போகாத பாட்டிமார்கள்கூட அடுத்த வரியை முன்கூட்டிச் சொல்வார்கள். இதே காரியத்தை மறுபுறமாகச் செய்து பாருங்கள்: ஒலியைச் சுத்தமாக அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். எத்தனை நிமிடம் உட்காருவார்?

படப்பிரியனுக்கு ஒரு சோதனை. நீங்கள் பார்த்துப் பயந்த பேய்ப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே காட்சியை ஒலி இல்லாமல் ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை. எதில் வயிறு கலங்குகிறது என்று வந்து சொல்லுங்கள்.

#4 படப்பிரியன்

ஐயா, ஊமைப் படங்கள் ஓடவில்லையா? உலகமே முப்பது வருடம் சத்தமில்லாமல்தான் பார்த்தது. தமிழ் பேசும் படம் வந்ததே 1931இல்தான்.

#5 வல்லினம் (தஞ்சாவூர்)

படம்தான் ஊமை, கொட்டகை ஊமையாக இருந்ததில்லை. திரைக்குக் கீழே ஆர்மோனியமும் தபேலாவும் இருக்கும். கதை சொல்வதற்கென்றே ஓர் ஆள் நின்று, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் மாற்றிப் பேசுவார். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒருவரே இராமனாகவும் இராவணனாகவும் பேசுவது போலத்தான். ஒலி இல்லாத குறையை ஆள் வைத்து நிரப்பினார்கள் என்றால், அது உங்கள் கட்சிக்கு ஆதரவா, எதிரா?

#6 படப்பிரியன்

தமிழாசிரியரோ? அடி பலமாக இருக்கிறது.

#7 வல்லினம்

ஆமாம். ஸ்பீக்கர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மாடித்தளம் எழுதிய "கிணற்றுக்குள்ளிருந்து" என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அது எனக்கு வகுப்பறையில் பழக்கமான தொல்லை.

நம் இலக்கணப்படி உயிர்க்குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம். மெய்யோ அதிலும் பாதி. ஆனால் பொருளைத் தாங்கி நிற்பது அந்தப் பாதிதான். கட்டு, தட்டு, பட்டு, மட்டு: இந்த நான்கிலும் உயிர் ஒன்றே. முதல் மெய் விழுந்தால் எது எதுவென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஓட்டுக்கூரை, மண் சுவர். கடைசி வரிசைப் பையனுக்கும் சொல்வதெழுதல் சரியாக வரும். பிறகு கான்கிரீட் கட்டடத்துக்கு மாறினோம். சுவரும் தரையும் வழவழவென்று பளபளத்தன. அதே நான், அதே குரல். கடைசி இரண்டு வரிசைகளில் 'தட்டு' எல்லாம் 'பட்டு' ஆகிவிட்டது. உரக்கக் கத்தினால் இன்னும் மோசம். நீண்டு ஒலிக்கும் உயிரின் எதிரொலி வந்து அடுத்த மெய்யின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. மெதுவாக, இடைவெளி விட்டுச் சொன்னபோதுதான் சரியாயிற்று. டிவிக்கு மெதுவாகப் பேசச் சொல்லிக்கொடுக்க முடியாதே!

#8 செங்கல் (ஈரோடு)

ஐயா, நான் கட்டடப் பொறியாளன். நீங்கள் காதால் கண்டுபிடித்ததைத்தான் எங்கள் பாடப்புத்தகம் சூத்திரமாகச் சொல்கிறது.

பேச்சில் உயிரொலியின் ஆற்றல் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு ஆயிரம் அதிர்வுக்கு, கீழே இருக்கிறது. ச, ட, த போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிகக் குறைந்த ஆற்றலோடு சட்டென்று வந்து போகும் ஒலி. வயதானால் காதுக்கு முதலில் மங்குவதும் அந்த உயர் அதிர்வு ஒலிதான். ஆகவே மாடித்தளத்தின் அம்மாவுக்குச் 'சத்தம்' கேட்கிறது, 'சொல்' கேட்கவில்லை. சப்வூஃபர் வேலை செய்வதோ 100 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் அதற்குக் கீழேயும். கண் மங்கலுக்குக் காலில் தைலம் தேய்த்த கதை.

இப்போது அறை. ஓர் ஒலி 60 டெசிபல் தேய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம். 1895 வாக்கில் ஹார்வர்டில் வாலஸ் சபீன் என்ற இளம் பேராசிரியரிடம் ஒரு விரிவுரைக் கூடத்தைக் காட்டி, "இங்கே பேசுவது யாருக்கும் புரியவில்லை, சரிசெய்யுங்கள்" என்றார்கள். அவர் இரவிரவாகப் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி தேயும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, அறை விழுங்கும் ஒலியின் அளவால் வகுக்க வேண்டும்.

உங்கள் கூடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். கனஅளவு 51 கன மீட்டர். ஆறு பக்கமும் சேர்த்துப் பரப்பு 84 சதுர மீட்டர். டைல்ஸும் பூச்சுச் சுவரும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு விழுங்கினால் அதிகம். வெற்றுக் கூடம் என்றால் மூன்று நொடிக்கு மேல் முழங்கும். சோபா, திரைச்சீலை, நான்கு ஆட்கள் இருந்தால் ஒரு நொடி அளவுக்கு இறங்கலாம். வசனம் தெளிவாகக் கேட்க அரை நொடிக்குள் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பழைய வயிற்றுப் பெட்டியில் ஸ்பீக்கர் உங்களைப் பார்த்து இருந்தது. மெல்லிய டிவியில் அதற்கு இடமில்லாததால் பெரும்பாலும் கீழேயோ பின்னாலேயோ பார்க்கிறது. அதாவது குரல் முதலில் சுவருக்குப் போய், சுவர் சொன்னதை நீங்கள் கேட்கிறீர்கள்.

#9 மூன்றாம் மாடி (கோயம்புத்தூர்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சப்வூஃபர் வாங்குகிறவர்கள் எல்லோரும் என் வீட்டில் ஓர் இரவு தங்க வேண்டும். எனக்கு மேலே நான்காம் மாடியில் ஒரு குடும்பம். அவர்கள் என்ன படம் பார்க்கிறார்கள் என்று தெரியாது, கதை தெரியாது. ஆனால் சண்டைக்காட்சி எத்தனை என்று கேளுங்கள், எண்ணிச் சொல்கிறேன். பரண்மேல் இருக்கும் எவர்சில்வர் குடம் ஒவ்வொரு குத்துக்கும் தாளம் போடுகிறது. ஒலி முக்கியம் என்று இத்தனை பக்கம் பேசுகிறீர்களே, கீழ்வீட்டுக்காரனின் தூக்கம் எந்த ஹெர்ட்ஸில் வருகிறது?

#10 செங்கல்

சகோதரரே, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். திரைச்சீலை, மெத்தை எதுவும் அதைத் தடுக்காது. அது கான்கிரீட் தளத்தையே அசைத்துக்கொண்டு இறங்குகிறது. அடியில் தடித்த ரப்பர் வைத்தால் தளம் வழியாக வருவது கொஞ்சம் குறையும், காற்று வழியாகப் போவது குறையாது. இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைப்பது ஒன்றுதான் மருந்து. வசனத்துக்கு அது தேவையே இல்லை. படத்தின் ஒலியை 5.1 என்பார்கள், ஐந்து தடமும் கூடவே ஒன்றும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒன்று, 120 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும் தனித்தடம். அதிலிருப்பது இடியும் வெடியும்தான்.

#11 மாடித்தளம்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எங்களுடையது தனி வீடு. பக்கத்தில் தென்னந்தோப்புதான், தேங்காய்கள் புகார் சொல்லவில்லை.

செங்கல் அண்ணா, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். தெருமுனை முட்டைக் கடையில் சொல்லியும் வைத்துவிட்டேன். வாங்கலாமா?

#12 செங்கல்

வேண்டவே வேண்டாம். முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். உயர் அதிர்வு ஒலியில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு மற்றதை அப்படியே திருப்பி அனுப்பும். அதோடு பற்றிக்கொண்டால் கூடம் முழுவதும் எரியும். கரப்பான் வேறு குடும்பத்தோடு குடியேறும். தெர்மகோலும் அப்படித்தான், அதன் துளைகள் மூடியவை, ஒலி உள்ளே போகவே போகாது. காற்று நுழைந்து வெளியே வரக்கூடிய, தடிமனான எதுவும் ஒலியை விழுங்கும்.

பரணில் பழைய இலவம்பஞ்சு மெத்தை கிடக்கிறதா? சோபாவுக்குப் பின்சுவரில் அதை நிறுத்துங்கள். பார்க்க அசிங்கமாக இருந்தால் மேலே ஒரு பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். ஜமுக்காளத்தை மட்டும் சுவரோடு ஒட்டித் தொங்கவிடுவதில் பெரிய பயனில்லை. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, மடிப்பு மடிப்பாக விட்டால் பயன் கூடும். சன்னல் திரைச்சீலையும் அப்படியே: சன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பாகத் தையுங்கள்.

#13 பனிப்புலம் (ஸ்கார்பரோ, கனடா)

இங்கே எங்கள் நிலவறையில் நேர்மாறு. தரை முழுக்கக் கம்பளம், சுவர் ஜிப்சம் பலகை. வசனம் காதுக்குள் வந்து சொல்கிற மாதிரி தெளிவு. ஆனால் அந்தப் பலகைச் சுவர் அதிர்ந்து கீழ் ஒலியைத் தின்றுவிடுகிறது. ஊருக்கு வரும்போது யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டுச் சீமெந்துக் கூடத்தில் அதே படத்தைப் பார்த்தால் மத்தளம் உயிரோடு இருக்கும், பேச்சு செத்துப்போயிருக்கும். ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன்பு வீட்டைப் பாருங்கள் என்பதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

#14 படப்பிரியன்

எல்லோரும் சேர்ந்து என்னைக் கும்மி அடிக்கிறீர்கள். இருக்கட்டும். 4கே வந்த பிறகு படம் எங்கேயோ போய்விட்டது. ஒலி எந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது? அதனால்தான் காசு படத்துக்குப் போக வேண்டும் என்கிறேன்.

#15 செங்கல்

அந்தக் கணக்கையும் போட்டுவிடலாம். நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 10 அடி தூரத்தில் அது 0.89 மில்லிமீட்டர். 65 அங்குலத் திரையின் அகலம் 144 சென்டிமீட்டர். பழைய முழு எச்டியில் ஒரு புள்ளியின் அகலம் 0.75 மில்லிமீட்டர். புரிகிறதா? மாடித்தளத்தின் சோபாவிலிருந்து பார்த்தால் முழு எச்டியிலேயே கண் தோற்றுவிடுகிறது. 4கேயின் 0.37 மில்லிமீட்டர் புள்ளியை அனுபவிக்க அவர் சோபாவைத் திரைக்கு அருகே இழுக்க வேண்டும். ஒலியிலோ இன்னும் பாதி வசனமே வந்து சேரவில்லை. முன்னேற்றத்துக்கு இடம் எங்கே இருக்கிறது?

#16 படப்பிரியன்

கணக்கு சரி. ஆனால் கூரிய கண் ஒரு கலைக்குக் கீழேயும் பார்க்கும். தவிர, புள்ளி எண்ணிக்கை மட்டுமா படம்? கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும், தீ தீயாக எரிய வேண்டும். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் வந்த பிறகு விளக்கு வெளிச்சம் விழும் முகத்தைப் பாருங்கள். அதை 10 அடியில் என்ன, 20 அடியிலும் காண முடியும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய ரேடியோ ஐயாவின் சோதனையைச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒலி இல்லாமல் பார்த்தபோது பேய்க்குப் பூசிய மாவு தெரிந்தது. கண்ணை மூடிக் கேட்டபோது பாதியில் விளக்கைப் போட்டுவிட்டேன். இதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.

#17 கிழக்குக் காற்று (நாகப்பட்டினம்)

மாடித்தளம் தம்பி, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். உதடும் சொல்லும் ஒத்துப்போகின்றனவா? சவுண்ட்பாரை டிவியோடு எந்தக் கம்பியில் இணைத்திருக்கிறீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், ஆற்றின் அக்கரையில் ஒருவர் கல்லில் துணி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் பட்டு, கை மேலே போன பிறகுதான் நமக்கு 'டப்' என்று கேட்கும். ஒலி பிந்தி வருவது இயற்கை, அதனால் காது ஓரளவு மன்னித்துவிடும். முந்தி வருவதை மன்னிப்பதே இல்லை. ஒளிபரப்புத் துறைக்கான பன்னாட்டுப் பரிந்துரையிலேயே, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலும் 125 மில்லிநொடி பிந்தினாலும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும் என்று இருக்கிறது. காது கொஞ்சம் மந்தமானவர்கள் தங்களை அறியாமலே உதட்டைப் படிக்கிறார்கள். உதடு ஒன்று சொல்லி, காது இன்னொன்று சொன்னால் அவர்கள் பாடு திண்டாட்டம்.

#18 மாடித்தளம்

அண்ணா, இப்போதுதான் டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பியே இல்லை! மாட்ட வந்த ஆள் புளூடூத்தில் சேர்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். உதட்டையும் கவனித்தேன். ஒரு துளி பிந்தித்தான் வருகிறது. மூன்று மாதமாகப் பார்க்கிறேன், தெரியவே இல்லை. சொன்ன பிறகு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை!

#19 கிழக்குக் காற்று

நினைத்தேன். புளூடூத்தில் சவுண்ட்பாருக்கு இரண்டே தடம்தான் போகும். படத்தின் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் தனியாக இருக்கிறது. அதை டிவி இரண்டாகப் பிரித்து, இடது வலது தடங்களில் இசையோடும் இரைச்சலோடும் குழைத்து அனுப்பிவிடுகிறது. உங்கள் சவுண்ட்பாரின் பெட்டியில் 2.1 என்று போட்டிருக்கிறதா, 3.1 என்றா?

#20 மாடித்தளம்

3.1 என்று இருக்கிறது.

#21 கிழக்குக் காற்று

அப்படியானால் இடது, வலதோடு நடுவிலும் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அந்த நடு ஸ்பீக்கரைக் காசு கொடுத்து வாங்கி, பட்டினி போட்டிருக்கிறீர்கள். டிவியின் பின்னால் நான்கைந்து எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும். அதில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும்; டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் துளை அது. அதிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒரு கம்பி. பிறகு டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்று இருப்பதைப் பிட்ஸ்ட்ரீம் என்றோ பாஸ்த்ரூ என்றோ மாற்றுங்கள். இணையத்தில் வரும் ஓடிடி படத்துக்குச் சாதாரண ஏஆர்சி போதும்; அதில் வரும் டால்பி அட்மாஸ் என்ற சூழொலி டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருவதுதான், ஏஆர்சி அதைத் தாங்கும். ப்ளூரே தட்டில் இருக்கும், சுருக்கினாலும் தரம் குறையாத ட்ரூஎச்டி ஒலிக்குத்தான் இஏஆர்சி வேண்டும். அம்மாவின் தொடர்கள் இரண்டு தடத்தில்தான் வரும். இரண்டிலும் பொதுவாக இருப்பதை நடுவுக்கு இழுக்கும் வசதி சவுண்ட்பாரில் இருக்கும். குரல் என்றோ பேச்சு என்றோ ஒரு பொத்தானைத் தேடுங்கள்.

#22 பழைய ரேடியோ

நல்ல வைத்தியம். நான் இரண்டு நாளாக ஊரில் இல்லை.

சத்தம் கூடிக் குறைகிறது என்று முதல் பதிவில் சொல்லியிருந்தீர்கள். அது கோளாறு அல்ல. நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களுக்கு வைத்திருக்கும் விதிப்படி, வசனத்தின் சராசரி உரப்பு உச்ச வரம்புக்கு 27 டெசிபல் கீழே. வெடிச் சத்தம் வரம்புக்கு 2 டெசிபல் கீழே வரை போகலாம். இடைவெளி 25 டெசிபல், ஆற்றலில் முந்நூறு மடங்கு. தியேட்டருக்கு இது சரி. அங்கே ஒலிப்பதிவுக்காரர் எந்த அளவில் கேட்டுக் கலந்தாரோ அந்த அளவில் நமக்கும் கேட்கும். ஒரு தடம் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகும். வீட்டில் அப்படி வைத்தால் தேங்காயும் புகார் சொல்லும். நாம் 20 டெசிபல் குறைத்து வைக்கிறோம். வெடி இறங்கிப் பதமாகிறது, ரகசியப் பேச்சோ மின்விசிறிக்கு அடியில் போய்விடுகிறது.

மின்விசிறி! இதை ஒருவரும் சொல்லவில்லையே. நம் ஊர் ஹோம் தியேட்டரின் முதல் எதிரி தலைக்கு மேலே ஐந்தில் சுற்றுகிறது. படம் ஓடும்போது மூன்றுக்கு இறக்குங்கள். அதற்குப் பிறகு சவுண்ட்பாரில் இரவு முறையை வையுங்கள். வெடியை அமுக்கி முணுமுணுப்பைத் தூக்கும். நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டுங்கள். சப்வூஃபரை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் அதைத் தூக்கி உங்கள் சோபாவில் உட்கார வையுங்கள்; கீழ் ஒலி நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடம் முழுக்கத் தவழ்ந்து கேளுங்கள். முழக்கம் இல்லாமல் சீராக எங்கே கேட்கிறதோ அதுதான் அதற்கு இடம். வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள். என் பேத்தி எடுத்த வீடியோ இன்னும் குடும்பக் குழுவில் சுற்றுகிறது.

சென்னை ரிச்சி தெருவில் 4440 என்ற ஒலிபெருக்கி ஐசி (சில்லு) வாங்கிவந்து பலகையில் ஆம்ப்ளிஃபையர் கட்டிய காலத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாட். டிரான்சிஸ்டர் பெட்டி அளவுதான் இருக்கும், மேலே ஆயிரம் வாட் பிஎம்பிஓ என்று ஊதிய கணக்கை ஒட்டி விற்பார்கள், நாங்களும் நம்புவோம். அந்த ஐசி உண்மையில் ஒரு பக்கத்துக்கு ஆறு வாட் கொடுக்கும். அந்த ஆறு வாட்டில் எங்கள் தெருவே கேட்டது. சத்தம் எப்போதும் போதுமான அளவு இருந்தது. சொல் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்ற நாற்பது வயது ஆயிற்று.

மிச்சமுள்ள பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

#23 மூன்றாம் மாடி

ஐயா, அந்த இரவு முறை பற்றிய பத்தியை அச்செடுத்து நான்காம் மாடிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கீழே கையெழுத்துப் போடவில்லை.

#24 மாடித்தளம்

பத்து நாள் கழித்து வருகிறேன். செய்தவை இவை: எச்டிஎம்ஐ கம்பி 600 ரூபாய். திரைச்சீலைத் துணியும் தையல் கூலியும் 4,800 ரூபாய். பரணிலிருந்து அப்பா காலத்து இலவம்பஞ்சு மெத்தை பின்சுவருக்கு வந்து ஜமுக்காளம் போர்த்திக்கொண்டது. மின்விசிறி மூன்று. நடு ஸ்பீக்கர் மூன்று டெசிபல் கூட்டல்.

கம்பியை மாற்றிய அன்றே பாதி வித்தியாசம் தெரிந்துவிட்டது. மீதிப் பாதி மெத்தையால் வந்தது. கைதட்டினால் முன்பு 'டங்ங்' என்று இழுத்தது, இப்போது தட்டியதோடு நிற்கிறது. முட்டைக் கடைக்காரர் 60 அட்டை சேர்த்து வைத்துக்கொண்டு என்னைத் தேடுகிறாராம். அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

அம்மா என் பக்கம் திரும்புவதில்லை. நேற்று ஒன்பது மணித் தொடர் முடிந்ததும், "இவள் இவ்வளவு மோசமாகவா பேசிக்கொண்டிருந்தாள்? நான் இத்தனை நாளும் நல்லவள் என்று நினைத்திருந்தேனே" என்றார். மைத்துனர் வந்து ஒரு படம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது அந்தக் கம்பியின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார்.

ஒரே ஒரு தொல்லை பாக்கி. சப்வூஃபரைத் தவழ்ந்து கண்டுபிடித்த இடத்தில் வைத்தபிறகு, குறிப்பிட்ட சில காட்சிகளில் அடுத்த அறை இரும்பு பீரோ 'கிர்ர்' என்கிறது. அம்மா அதைப் பல்லி என்கிறார்.

#25 பழைய ரேடியோ

பீரோவின் எந்தக் கதவு? கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே கேளுங்கள். பெரும்பாலும் உள்லாக்கரின் சாவிக் கொத்தாக இருக்கும்.

#26 மாடித்தளம்

சாவிக் கொத்தேதான் ஐயா. துணியில் சுற்றி வைத்துவிட்டேன். இப்போது கண்ணாடி.